சில்லுக்குப் பின்னால் தேசிக்காய்

எங்கள் ஜீப்புக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஆனபடியால் லண்டனில் பழைய வாகனங்களுக்குப் போடுகிற புகைக் கட்டணம் அதற்கு இல்லை. வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிற எம்.ஓ.டி. பரிசோதனையும் கட்டாயம் இல்லை. இந்த ஊரில் வயது போனால் வாகனத்துக்கு மரியாதை கூடும். மனிசருக்கு அப்படி ஒருத்தரும் விட்டுக்கொடுப்பதில்லை.

நாலு சில்லும் இழுக்கிற வண்டி அது. மலையேற வாங்கியதில்லை, கோயிலுக்காக வாங்கியது. விடியற்காலையில் சந்தையில் பூப்பெட்டி ஏற்றுவது, அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, திருவிழாவுக்கு வாழை, பெரிய அண்டா, விரிப்பு, எல்லாம் அதில்தான் போகும். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. தேவாரம் நாலைந்துதான் பாடமாகத் தெரியும், அதிலும் ஒன்று நடுவில் மறந்துபோகும். ஐயர் சொல்லுகிற மந்திரம் ஒரு சொல்லும் விளங்காது. மற்ற ஆட்கள் பாடுவார்கள், உபயம் செய்வார்கள், மேடையில் ஏறிப் பேசுவார்கள். நான் சாமிக்கு வண்டி ஓடுவேன். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஜீப்பை நிப்பாட்டிப் பின்கதவைத் திறக்க மல்லிகை வாசம் வெளியே வரும். உள்ளே மணி அடிக்க முதலே என்னுடைய பூசை முடிந்துவிட்டது என்று நினைப்பேன்.

போன குளிர்காலத்தில் எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. வாய் தப்பியது, கால் தப்பியது. இடக்கைதான் முழுதாகத் திரும்பி வரவில்லை. கொஞ்சக் காலம் வண்டி ஓடாமல் இருந்தேன். பிறகு டொக்டர் தன்னுடைய இரண்டு விரலைத் தந்து இறுக்கிப் பிடி என்றார். பிடித்தேன். ஓடலாம், ஆனால் பிடி தளர்ந்தால் உடனே வந்து சொல்லவேண்டும் என்றார். அந்தக் கிழமை முழுக்க என்னுடைய மனிசி கேட்டுக்கொண்டே இருந்தா, கை எப்பிடி, கை எப்பிடி என்று. பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார் என்று சொன்னேன்.

கியர் போடுவது பெரிய பாடில்லை. உள்ளங்கையால் தள்ளினால் போய் விழும். கைபிரேக் அப்படி இல்லை. அது இடப்பக்கம், நிலத்தோடு ஒட்டினமாதிரி இருக்கிற ஒரு இரும்புத் தண்டு. விரலை மடித்துப் பிடித்து மேலே இழுக்கவேண்டும். நான் இழுப்பேன். இரண்டு தரம் க்ரிக் க்ரிக் என்னும். காலை எடுத்தால் வண்டி பின்னுக்கு வழுக்கும். லூயிஷாமில் எங்கள் வீடு இருக்கிற றோட்டு நல்ல ஏற்றம். அதனால் வீட்டு வாசலில் நிப்பாட்டுகிற ஒவ்வொரு தரமும் மனிசி முதலில் இறங்குவா, ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சில்லுக்குப் பின்னால் வைப்பா, சரி என்று கையைக் காட்டுவா. அதற்குப் பிறகுதான் நான் காலை எடுப்பேன். காஞ்சிபுரம் கட்டியிருந்தாலும் அதுதான், மழை பெய்தாலும் அதுதான்.

மனிசியின் தம்பி இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். ஜெர்மனியில் கன வருடம் கராஜில் வேலை செய்துவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்தவன். வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. முதல் தரம் தமக்கை செங்கல் வைக்கிறதைக் கண்டுவிட்டு வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"என்னக்கா, உந்த பஸ்ஸுக்கு நீங்கள்தான் கிளீனரோ? சம்பளம் தாறாரோ, அல்லது சாப்பாடு மட்டுமோ?"

"பிரேக் பழுது மச்சான்," என்றேன். "கைபிரேக் பிடிக்குதில்லை."

"கைபிரேக்," என்று அவன் இரண்டாக உடைத்துச் சொன்னான். "கை, பிரேக். ரெண்டு சொல்லு அத்தான். பழுது எந்தச் சொல்லில எண்டு பாத்தனீங்களோ?"

மனிசி சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை மறைக்கிறதுக்குத்தான் மற்றப் பக்கம் திரும்பினா என்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அது வீட்டில் ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. சோற்றுக் கோப்பை கையால் நழுவினால், "முதல் சொல்லு," என்பான். சேட்டுப் பொத்தான் போடச் சுணங்கினால், "முதல் சொல்லு." தமக்கை வீட்டில் தேத்தண்ணி குடிக்க வருகிறவன், ஒரு தரமாவது அதைச் சொல்லாமல் போனதில்லை. எனக்கு மரியாதை குறைத்து ஒரு நாளும் கதைக்கமாட்டான். நீங்கள், வாங்கோ, இருங்கோ அத்தான் என்றுதான் குத்துவான். நீ என்று ஏசினால் திருப்பி ஏசலாம். இதுக்கு என்ன செய்வது?

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் திரும்பி வந்தோம். மனிசி இறங்கிக் கல்லை வைத்தா, கையைக் காட்டினா. நான் வழக்கம்போலக் காலை எடுத்திருக்கலாம். கல்லை மட்டும் நம்பாமல் பிரேக்கையும் ஒழுங்காக இழுப்போம் என்று நினைத்து, வலக்கையை ஸ்டீரிங்குக்குக் கீழாலே விட்டு எட்டினேன். இடக்கையால் முடியாததை வலக்கையால் செய்யலாமே என்று நீங்களும் நினைப்பீர்கள். குனிந்து எட்டினால் உடம்பு சரிகிறது, கால் பெடலை விட்டு வழுக்குகிறது. ஜீப் பின்னுக்குப் போனது. செங்கல் இரண்டாக வெடித்தது. நான் திரும்பக் கால் வைத்து அமத்தினேன். அதற்குள் அது பக்கத்து வீட்டு மதிலில் முட்டி நின்றுவிட்டது.

மனிசியின் சத்தம் கேட்கவில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், றோட்டில் முழங்காலில் நிற்கிறா. சீலைத் தலைப்பு சில்லுக்குள். இன்னும் ஒரு சாண் போயிருந்தால் சீலையோடு நின்றிருக்காது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வெளியே வந்து முதலில் மதிலைப் பார்த்தா, பிறகுதான் மனிசியைப் பார்த்தா.

மச்சானுக்குப் போன் அடித்தேன். அவன் வந்து ஜீப்பை முன்னுக்கு எடுக்கும்வரை அவ அப்படியே முழங்காலில்தான் நின்றா. உள்ளே வந்து இருந்து, முழங்காலில் இருந்த சிறுகல்லை நகத்தால் எடுத்துக்கொண்டு கேட்டா.

"கால் எங்கை இருந்தது?"

"பிரேக் பிடிக்கேல்லை," என்றேன்.

"நான் பிரேக்கைக் கேக்கேல்லை. கால் எங்கை இருந்தது எண்டு கேட்டனான்."

மச்சான் கதவடியில் நின்றான். அன்றைக்கு அவன் பகிடி விடவில்லை. "அக்கா, ஜீப் திறப்பை வாங்கி வையுங்கோ," என்றான். "இனி நான் ஓடுறன். வெள்ளிக்கிழமையில எனக்கு வேலை அரை நாள்தானே."

நான் விடவில்லை. "பிரேக்கில பிழை இருக்க என்ர திறப்பை ஏன் வாங்கிறியள்? முதல்ல பிரேக்கைத் திருத்திப் பாருங்கோ."

"சரி அத்தான். ஞாயிற்றுக்கிழமை கழட்டிப் பாக்கிறன். பிரேக்கில பிழை எண்டால் திறப்பு உங்களிட்டையே இருக்கட்டும், நான் இனி வாயே திறக்கமாட்டன். திருத்தின பிறகும் உங்களால இழுக்க ஏலாட்டி, திறப்பு எனக்கு. அக்கா, சரியோ?"

மனிசி என்னைப் பார்க்காமல், "சரி," என்றா.

அந்த இரண்டு நாளும் நான் சாமி அறையை விட்டு வெளிக்கிடவில்லை என்றே சொல்லலாம். கை சுகமாக வேண்டும் என்று கேட்கவில்லை. அது பெரிய கேள்வி, அதுக்கு நேரம் எடுக்கும் என்று எனக்கே தெரியும். பிரேக் பழுதாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்டேன். ஒரு மனிசன் தன்னுடைய வாகனம் பழுதாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் அழுது கேட்டது அதுதான் முதல் தரமாக இருக்கும். மச்சான் சாமான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"பிள்ளையாருக்குத் தும்பிக்கையோட ஐஞ்சு கை, அத்தான். எல்லாத்தையும் அவர் பாவிக்கிறேல்லை. ஒண்டைக் கொஞ்ச நாளைக்குத் தரச்சொல்லிக் கேளுங்கோ."

"சாமியைப் பகிடி பண்ணாதை."

"நான் சாமியைப் பகிடி பண்ணேல்லை அத்தான்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஜீப்புக்குக் கீழே போனான். உயரமான வண்டி, ஜாக்கி தேவையில்லை. நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தான். இந்தப் பழைய ஜீப்பில் கைபிரேக் சில்லிலே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நடுவில், கியர்ப் பெட்டிக்குப் பின்னால், ஒரு பானை மாதிரி இரும்பு ட்ரம். அதற்குள் இரண்டு பிறை வடிவத் தகடு, ஷூ என்று சொல்லுகிறது. தண்டை இழுத்தால் அந்த இரண்டும் விரிந்து ட்ரம்மைப் பிடிக்கும். ட்ரம்மில் இருந்து பின்சில்லுக்குப் போகிற நீள இரும்புத் தண்டைக் கழற்றினால்தான் அதைத் திறக்கலாம். அதன் நட்டுகள் நாற்பது வருடத்துத் துருவோடு இருந்தன. அவன் கீழே கிடந்து ஜெர்மனில் ஏசுகிறது கேட்டது. நான் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன். உதவி என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தரம் கீழிருந்து கையை நீட்டி, "அத்தான், அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரைத் தாங்கோ," என்றான். எடுத்துக் கொடுத்தேன். "இடக்கையால தாங்கோ," என்றான். இடக்கைக்கு மாற்றினேன். ஸ்பானர் கீழே விழுந்தது. அவன் அதைத் தானே எடுத்துக்கொண்டான்.

ட்ரம்மைக் கழற்றி நிலத்தில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, ஒரு பழந்துணி கொண்டு வாங்கோ," என்று கூப்பிட்டான்.

மனிசி உள்ளே போய்க் கொண்டுவந்தா. துணி என்று பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமைச் சீலை. தலைப்பில் சில்லின் அடையாளம் கறுப்பாக இருந்தது. என் முன்னால் நின்று நடுவாலே கிழித்தா. பட்டு கிழிகிற சத்தம் றோட்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

"நல்ல சீலை," என்றேன்.

"ஓம். நல்ல சீலை," என்றா. மற்றப் பாதியையும் கிழித்தா.

மச்சான் கீழிருந்து வெளியே வந்தான். கையில் அந்த இரண்டு ஷூவும். கறுப்பு எண்ணெய் வடிந்து கொண்டிருந்தது. கியர்ப் பெட்டியின் ரப்பர் சீல் போய், எண்ணெய் கசிந்து ட்ரம்முக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெயில் ஊறின ஷூ எதைப் பிடிக்கும்? தேங்காயெண்ணெய் பூசின கையால் மீனைப் பிடிக்கிறமாதிரித்தான்.

"பாத்தியோ!" நான் வாளியால் எழும்பிவிட்டேன். "பாத்தியோ மச்சான்! எந்தச் சொல்லு பழுது? இப்ப சொல்லு பாப்பம், முதல் சொல்லோ ரெண்டாம் சொல்லோ?"

"ரெண்டாம் சொல்லுதான் அத்தான்," என்றான்.

"உரக்கச் சொல்லு, உன்ர கொக்காவுக்குக் கேக்கட்டும்!"

"ரெண்டாம் சொல்லு அக்கா. பிரேக் பழுதுதான். இதை ராட்சதன் இழுத்திருந்தாலும் பிடிச்சிராது."

நான் உள்ளே ஓடிப்போய்க் கற்பூரம் கொளுத்தினேன். கண்ணீர் வந்தது. அப்பனே, என்னைக் கைவிடவில்லையே என்று உரக்கவே சொன்னேன். வெளியே வந்து மனிசியிடம், "சில்லுக்கு வைக்க நாலு தேசிக்காய் எடுத்து வையும்," என்றேன். "திருத்தினவுடனே பூசை பண்ணி எடுக்கவேணும்." சீலைத் துண்டால் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த மச்சான் என்னைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்து புது சீல் போட்டான், புது ஷூ பூட்டினான், ட்ரம்மை உள்ளும் புறமும் கழுவினான். பின்பக்கம் ஒரு ஆணியைத் திருகி ஷூவை நெருக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி விட்டான். எல்லாம் பூட்டிவிட்டு வெளியே வரப் பின்னேரமாகிவிட்டது. கையைக் கழுவாமலே எனக்கு முன்னால் வந்து நின்றான்.

"அத்தான், நான் கேபிளை எவ்வளவு லேசா வைக்க ஏலுமோ அவ்வளவு லேசா வைச்சிருக்கிறன். குழந்தையும் இழுக்கும். இனிப் பிரேக்கைச் சொல்ல ஏலாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவன் காலையில் ஏன் சண்டை பிடிக்காமல் ஒத்துக்கொண்டான் என்று.

முதலில் அவன்தான். கட்டைகளை எடுத்துவிட்டு, இரண்டு சீமெந்துக் கல்லை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிப் போட்டான், ஏதும் நடந்தால் மதிலுக்குப் போகாமல். ஏறி இருந்து இஞ்சினை எழுப்பி, கியரை எடுத்துவிட்டு, இடக்கையால் இழுத்தான். காலை எடுத்தான். ஜீப் ஆடவில்லை.

"அக்கா, நீங்கள் ஏறுங்கோ."

"எனக்கென்னத்துக்கு? நான் ஓடுறனானே?"

"ஓட வேண்டாம். சும்மா இழுங்கோ."

மனிசி அந்த ஓட்டுகிற சீற்றில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. சீலையை ஒதுக்கிக்கொண்டு இருந்து, காலைப் பெடலில் வைத்து, தம்பி பிரேக்கை விட, இரண்டு விரலால் அந்தத் தண்டைப் பிடித்தா. க்ரிக், க்ரிக், க்ரிக், க்ரிக். காலை எடுத்தா. வண்டி மலை மாதிரி நின்றது.

"இது லேசாத்தானே இருக்கு," என்றா.

என்னைக் குத்தச் சொன்னாவோ, தெரியாமல் வாயில் வந்ததோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் ஏறிப் பெடலை அமத்தினேன். மச்சான் மற்றப் பக்கத்தால் எட்டி, மனிசி இழுத்த கைபிரேக்கை விட்டான். மனிசி தட்டத்தில் நாலு தேசிக்காயோடும் விபூதியோடும் நின்றா. மச்சான் தட்டத்தில் இருந்து ஒரு காயை எடுத்தான். சில்லுக்கு முன்னால் வைக்கப் போகிறான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் போய்க் குனிந்து, பின்சில்லுக்குப் பின்னால், ரப்பரோடு ஒட்டி வைத்தான்.

"அதென்ன வேலை?" என்று கத்தினேன். "தேசிக்காய் முன்னுக்கு வைக்கிறது. முன்னுக்கு ஏத்தி எடுக்கிறது."

"முன்னுக்கு வைச்சால் சாமிக்கு அத்தான். இது எனக்கு. நீங்கள் இழுத்து நிண்டால் காய் முழுசா இருக்கும், அதையே எடுத்து முன்னுக்கு வைச்சுப் பூசை பண்ணுவம். நசிஞ்சால் அக்காவிட்டைத் திறப்பைக் குடுங்கோ."

"பூசைச் சாமானில விளையாடாதை."

"வெள்ளிக்கிழமை அந்த இடத்தில நிண்டது தேசிக்காய் இல்லை," என்றான். "என்ர அக்கா."

மனிசியைப் பார்த்தேன். தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. வேண்டாம் தம்பி, காணும் விடு என்று ஒரு சொல் சொல்லுவா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அவன் யன்னலடிக்கு வந்தான். "வலக்கை மடியில இருக்கட்டும் அத்தான். அப்பிடியே. இப்ப இழுங்கோ."

இடக்கையைக் கீழே விட்டேன். விரலுக்குத் தண்டு குளிர்ந்தது தெரிந்தது. அதுவரை நல்லது என்று நினைத்தேன். மடி என்று விரலுக்குச் சொன்னேன். மடிந்தன. இழு என்று சொன்னேன். க்ரிக் என்றது. முருகா. க்ரிக் என்றது. இன்னும் ஒன்று போதும். தோளைக் குடுத்துப் பார்த்தேன், முதுகை வளைத்துப் பார்த்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக, எனக்குச் சொல்லாமலே கழன்றன. திரும்பப் பிடித்தேன். ஒரு குழந்தையும் இழுக்கிற தண்டு.

"போதும் எண்டு நினைக்கிறியளோ?" என்றான்.

"ஓம்," என்றேன். எனக்கு உண்மையில் ஒரு நம்பிக்கை இருந்தது. புது ஷூ, புது சீல். இரண்டு க்ரிக்கே காணும் என்று பிள்ளையார் விட்டிருக்கலாம்.

"அப்ப காலை எடுங்கோ."

எடுத்தேன். ஒரு கணம் ஜீப் நின்றது. அந்த ஒரு கணம் நான் அவனுடைய முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். பிறகு மெதுவாக, யாரோ பின்னால் நின்று மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி, அது பின்னுக்குப் போனது. தேசிக்காய் நசிகிற சத்தம் சின்னச் சத்தம். வாசம்தான் முதலில் வந்தது. நான் காலை அமத்தினேன்.

மச்சான் முதல் சொல்லு என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கதவைத் திறந்து, எனக்கு மேலாலே எட்டி, ஒரு இழுவையில் பிரேக்கை இழுத்தான். மனிசி மற்றப் பக்கத்தால் வந்து இஞ்சினை நிப்பாட்டித் திறப்பை உருவினா. என்னிடம் கேட்கவில்லை. அந்தத் திறப்பில் ஒரு சின்ன வேல் தொங்கும், நான் கோயிலில் வாங்கிக் கொழுவினது. அதைக் கழற்றி என்னுடைய மடியில் வைத்தா. திறப்பைத் தம்பியிடம் கொடுத்தா.

"இறங்குங்கோ," என்றா. "பூசை பண்ணவேணும். காய் மூண்டுதான் இருக்கு, நான் இன்னொண்டு எடுத்துக்கொண்டு வாறன்."

விபூதி பூசினது நான்தான். சந்தனம் வைத்ததும் நான்தான். நாலு சில்லுக்கு முன்னாலும் காய் வைத்து, கற்பூரம் காட்டி, தெரிந்த தேவாரத்தைச் சொன்னேன், நடுவில் மறக்காமல். மச்சான் ஏறி முன்னுக்கு எடுத்தான். நாலு காயும் ஒழுங்காக நசிந்தன. மனிசி கண்ணை மூடிக் கும்பிட்டா.

அடுத்த வெள்ளிக்கிழமை பூப்பெட்டியோடு கோயிலுக்குப் போனோம். மச்சான் ஓடினான். மனிசி முன்னுக்கு இருந்தா, எனக்குப் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் இடம். ஓட்டம் நல்ல ஓட்டம்தான், குறை சொல்ல ஏலாது. வாசலில் நிப்பாட்டிவிட்டு அவன் கடகடவென்று பெட்டிகளைத் தானே இறக்கினான். நான் ஒன்றைத் தூக்கப் போக, "விடுங்கோ அத்தான், விழுத்திப்போடுவியள்," என்று வாங்கிக்கொண்டான். உள்ளே பூ வாங்குகிற ஆட்கள் அவனிடம், "தம்பி, நல்ல காரியம்," என்றார்கள்.

பூசை முடிந்து நான் வாசலில் சப்பாத்துத் தேடிக்கொண்டு நின்றேன். கோயில் தொண்டர் ஒருவர், கன வருடமாக என்னை அந்த ஜீப்போடு கண்டவர், வேகமாக வந்தார்.

"அண்ணை, உங்கட வண்டி மறிச்சுக்கொண்டு நிக்குது. ஒரு கார் வெளிய எடுக்கவேணுமாம். ஒருக்கா எடுத்து விடுங்கோவன்."

"திறப்பு என்னட்டை இல்லை," என்றேன்.

"வீட்டிலயோ விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, தன்னுடைய கேள்வி பிழை என்று அவருக்கே தெரிந்து, என்னுடைய கையை ஒரு தரம் பார்த்தார்.

"உள்ளுக்கு என்ர மச்சான் நிக்கிறார். அவரிட்டைச் சொல்லுங்கோ."

மச்சான் பிரசாதமாகத் தந்த சர்க்கரைப் புக்கையை வாயில் போட்டுக்கொண்டே வந்தான். ஏறி இருந்து, இஞ்சினை எழுப்பி, கைபிரேக்கை விட்டான். கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். நான் நின்ற இடம் அவனுக்கு இடைஞ்சல் போல. யன்னலால் தலையை வெளியே நீட்டினான்.

"அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பின்னுக்கு எடுக்கப்போறன்."

தள்ளி நின்றேன்.